ஐந்தாண்டுக் கணக்குக்கு அடங்காத புற்றுநோய்

சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டால், 'இனிப் பயமில்லை' என்று குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடும். பல புற்றுநோய்களுக்கு அது நியாயமான நிம்மதிதான். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவுக்கோ அந்தக் கணக்கு செல்லாது. ஐந்தாவது ஆண்டில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் உயிரோடு இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. பத்தாவது ஆண்டில் அது அறுபதை ஒட்டி இறங்குகிறது; பதினைந்தில் இன்னும் குறைகிறது. பத்து ஆண்டு அமைதிக்குப் பிறகு நுரையீரலில் நோய் தலைகாட்டியவர்களும் உண்டு.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் இது ஏறக்குறைய 1 சதவீதம்தான். வெற்றிலை, புகையிலை, சாராயம் எதையும் தொடாதவர்களுக்கும் வருகிறது. காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்கின் கீழ் என்று மூன்று இணை பெரிய சுரப்பிகள் நமக்கு உண்டு. அவை தவிர, வாய் முழுக்க நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள். அண்ணத்தில் உள்ள சிறு சுரப்பிகளில் இந்நோய் அடிக்கடி தோன்றுவதால், பல்வலி என்றோ வாய்ப்புண் என்றோ நோயைக் கண்டறிவது மாதக்கணக்கில் தள்ளிப்போவது சகஜம்.

இதன் தனிக்குணம் நரம்பு வழியே பரவுவது. மரத்துக்குள் கரையான் ஏறுவதுபோல நரம்பின் உறையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும். மண்டையோட்டின் அடிவரை போய்விடும். கன்னம் மரத்துப்போவதும், வாய் ஒருபக்கம் கோணுவதும் அதனால்தான்.

முதல் சிகிச்சை அறுவைதான். சொல்வது எளிது. காதுக்கு முன்னுள்ள சுரப்பியின் ஊடாகத்தான் முகநரம்பு செல்கிறது. கட்டியை முழுதாக எடுக்க வேண்டும், நோயாளி கண்ணை மூடவும் சிரிக்கவும் முடிய வேண்டும். இரண்டும் எப்போதும் சேர்ந்து கிடைப்பதில்லை. விளிம்பில் மிச்சம் இருக்கும் என்ற ஐயத்தால், பெரும்பாலோருக்கு அறுவைக்குப் பின் 'கரண்ட் வைப்பது' என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சும் தரப்படுகிறது. வாய் உலர்வதும் பல் சொத்தையாவதும் அதற்குக் கொடுக்கும் விலை.

அறுவை செய்ய இயலாத உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளுக்கு நியூட்ரான் கதிர்வீச்சை அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து சோதித்தன. 1993இல் வெளியான முடிவில், கட்டி இருந்த இடத்திலேயே வழக்கமான கதிர்வீச்சைவிட நன்றாக அடங்கியது. ஆனால் ஆயுள் கூடவில்லை. இந்த நோயின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு முடிவில் தெரிகிறது. கழுத்தில் வென்றாலும் நுரையீரலில் தோற்க நேரிடுகிறது.

மருந்துகளின் கதை இன்னும் மெலிந்தது. வழக்கமான கீமோதெரபிக்கு இது எளிதில் மசிவதில்லை. மிப், என்ஃபிப் என்ற இரு மரபணுக்கள் முறிந்து ஒட்டிக்கொள்வதை 2009இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதை நேரடியாகத் தாக்கும் மருந்து நடைமுறைச் சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. லென்வாடினிப் என்ற மருந்தை 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சோதித்தது. 32 பேரில் ஐந்து பேருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. பலருக்கு வளர்ச்சி தற்காலிகமாக நின்றது, அவ்வளவே.

ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 'செக்ரீட்டரி கார்சினோமா' என்ற வகையில் பெரும்பாலும் காணப்படும் என்டிஆர்கே மரபணு மாற்றத்துக்கு, 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாரோட்ரெக்டினிப் நன்றாக வேலை செய்கிறது. எனவே திசுப் பரிசோதனை அறிக்கையில் ஐயம் இருந்தால், இத்துறையில் அனுபவமுள்ள இன்னொரு நோயியல் நிபுணரிடமும் அதைக் காட்டுவது வீண்செலவல்ல.

நுரையீரலில் சிறு புள்ளிகள் தெரிந்தவுடனே மருந்து தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. அவை ஆமை வேகத்தில் வளர்ந்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே மருத்துவர்கள் காத்திருப்பதுண்டு. அப்படிப் பல ஆண்டுகள் வேலைக்குப் போய்க்கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சும்மா விட்டுவிட்டார்கள் என்று உறவினர்கள் கோபப்பட இதில் ஒன்றுமில்லை.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. ஐந்தாண்டு முடிந்ததும் மருத்துவக் கோப்பைப் பரணில் ஏற்றிவிடுகிறோமே, அதைச் செய்யாதீர்கள். நெஞ்சு ஸ்கேனும் கழுத்துப் பரிசோதனையும் பத்தாவது ஆண்டிலும் அதற்குப் பிறகும் தொடரட்டும்.