ஓடுபாதையில் அனுபவ பாத்தியதை

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓடுபாதைகள் இரண்டே. விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்து வருஷத்திற்கு 4,80,000 தடவைக்கு மேற்படலாகாது. எனவே ஒவ்வொரு கம்பெனியும் முன்கூட்டியே நேரம் பெற்றாக வேண்டும். இதன்பொருட்டு உலகக் கம்பெனிகளும் நேரம் பங்கிடுவோரும் வருஷம் இருமுறை மகாநாடு கூடுகின்றனர். இங்கே புறப்பட நேரங்கிடைத்து, அங்கே இறங்க நேரமில்லையெனில் என் செய்வது? அதுவரை நியாயமே.

ஆனால், பெற்ற நேரத்தில் நூற்றுக்கு எண்பது உபயோகித்தால் அடுத்த வருஷமும் அது அவர்களுக்கே! வக்கீல்கள் இதை அனுபவ பாத்தியதை என்பர். 2020-இல் தொற்றுநோய் பரவத் தொடங்கியபோது, இதை இழக்க அஞ்சி ஐரோப்பாவில் சில கம்பெனிகள் ஏறக்குறையக் காலி விமானங்களையே ஓட்டின. பின்னரே விதி தளர்த்தப்பட்டது. 2016-இல் ஹீத்ரோவில் ஒரு ஜோடி நேரத்துக்கு ஓமன் ஏர் 7.5 கோடி டாலர் கொடுத்ததாகப் பத்திரிகைகள் கூறின. கைம்முதலற்ற புதியவர்களுக்கு வழியென்ன? மிஞ்சும் நேரத்தில் பாதி அவர்களுக்கென்று விதி இருக்கிறது, மிஞ்சினாலல்லவோ!