ரூபாய்க்குப் பத்துக் காசு

தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டும்போதெல்லாம் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் கட்டுகிறோம். அந்த வரிக்கு அடிப்படை 1948-இல் வந்த சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டத்தான் செய்கிறார். ஆகவே நூலகம் எங்கே அமைய வேண்டும் என்று கேட்க நம் எல்லோருக்கும் உரிமை உண்டு.

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது. மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கி, நூலகத்தை நுங்கம்பாக்கத்துக்கு மாற்றுவதாக அரசு அறிவித்தது. மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஒன்றை எடுத்துத்தான் இன்னொன்றைத் தர வேண்டுமா? வாசகர்கள் கொதித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் அங்கேயே நின்றது.

போன வாரம் போயிருந்தேன். தரைத்தளத்தில் ஒருவர் பிரெயில் புத்தகத்தின் மேல் விரல்களை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பிரிவில் இடமே இல்லை. வீட்டில் மேசை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேரோ! வாசலில் ஒரு பெண், பையைத் தரையில் வைத்துவிட்டு, யாராவது எழுந்திருப்பார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.