டச்பேட் வேலை செய்யலையா? முதல்ல லேப்டாப்பைப் பக்கவாட்டுல பாருங்க

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து அப்பா கூப்பிட்டார். "தம்பி, அம்புக்குறி நகரவே மாட்டேங்குதுப்பா." நான் ஜெர்மனியில், காலைக் காபியோடு. அஞ்சு நிமிஷ வேலை என்றுதான் நினைத்தேன்.

ஊரில் பெற்றோருக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த நம்மில் பலருக்கும் இந்த வரிசை மனப்பாடம். மேல்வரிசையில் டச்பேட் படம் போட்ட பட்டனை அழுத்திப் பார்ப்பது. தெரியாமல் கை பட்டு அணைந்திருக்கும். மவுஸ் செருகினால் டச்பேட் அணையும்படி செட்டிங் இருக்கிறதா என்று பார்ப்பது. ரீஸ்டார்ட். டிவைஸ் மேனேஜரில் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஆன் செய்வது. கீபோர்டு என்றால் ஃபில்டர் கீஸ்: வலது ஷிஃப்டை 8 விநாடி பிடித்தாலே கேட்கும், 'யெஸ்' கொடுத்துவிட்டால் லேசாகத் தட்டும் எழுத்து எதுவும் விழாது.

பழைய மவுஸைச் செருகி எல்லாம் செய்தோம். ஒன்றரை மணி நேரம். "நான் சொல்றதை மட்டும் செய்யுங்கப்பா" என்று கத்தியும் விட்டேன். ஆபீசில் எந்த யூசரிடமும் அப்படிப் பேசியதில்லை.

கடைசியாக பயாஸ் திரைக்குள் போகச் சொன்னேன். அங்கே விண்டோஸ் கிடையாது. அந்த மாடலில் பயாஸிலும் டச்பேட் ஓடும். ஓடாவிட்டால் கோளாறு ஹார்டுவேரில். ஓடவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து அம்மா: "ஒரு வாரமா அது சரியா மூடவும் மாட்டேங்குதே, அதைச் சொன்னீங்களா?"

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வீடியோவில் பக்கவாட்டில் காட்டச் சொன்னேன். டச்பேட் மேலே புடைத்திருந்தது. மேசையில் வைத்தால் ஆடியது. பேட்டரி உப்பியிருக்கிறது!

பல லேப்டாப்புகளில் பேட்டரி டச்பேடுக்குக் கீழேயே இருக்கும். லித்தியம் அயன் செல் பழசாகி, சூடேறி, உள்ளே வாயு சேர்ந்தால் உப்பி டச்பேடை மேலே தள்ளும். அதை அழுத்தினால், குத்தினால் தீப்பிடிக்கலாம். நானோ அவ்வளவு நேரமும், சார்ஜர் ஓட ஓட, "நல்லா அழுத்துங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, துணிமணி எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து வெறும் தரையில் வைக்கச் சொன்னேன். மறுநாள் கடைக்காரர் பேட்டரியை மாற்றினார். டச்பேட் தானாகச் சரியாகிவிட்டது. வருஷம் முழுக்க சார்ஜரிலேயே கிடந்த மெஷின் அது. இப்போது 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்திருக்கிறேன். பல லேப்டாப்புகளில் அந்த வசதி உண்டு.

அன்று ராத்திரி வீடியோ காலில் அப்பா முதலில் கேட்டது: "அப்ப நான் எதையும் தப்பா அழுத்தலையேப்பா?"