கொடுக்கத் தகாத துணியை என்ன செய்வது?

பெருநாள் நெருங்கும்போது வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்கிறோம். அலமாரியிலிருந்து பழைய கைலி, நைட்டி, சுடிதார், பிள்ளைகளின் சட்டை எல்லாம் வெளியே வருகின்றன. பெரும்பாலும் அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி, "யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடலாம்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்பவர் யார், அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிப்பதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்துக்கு நாடெங்கிலுமிருந்து துணி வந்து குவிந்தது. அதில் ஏராளமானவை யாரும் எடுக்காமல் சாலையோரத்தில் கிடந்தன. எல்லாம் இழந்து நின்ற மக்களும் கிழிந்த துணியை உடுத்த மனம் ஒப்பவில்லை. 1999-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பு அந்தத் துணிகளைச் சேகரித்துத் தரம் பிரித்தது. உடுத்தக்கூடியதை உடையாகவும், கிழிந்ததைப் பை, விரிப்பு போன்ற வேறு பொருளாகவும் ஆக்குவதே இன்றும் அவர்களின் வழக்கம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது தாம்பரம் பகுதியில் இருக்கும் நாமும் வாங்கும் இடத்தில் நின்றோம். பட்டன் இல்லாத சட்டையும் சாயம் போன பாவாடையும் கைக்கு வந்தால் மனம் எப்படிச் சுருங்கும் என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

ஆகவே முதல் வேலை, தரம் பிரிப்பது. நாமே உடுத்தி வெளியே போகக்கூடியது ஒரு பக்கம், அது கொடுப்பதற்கு. ஓரிடத்தில் கிழிந்து மற்ற இடம் உறுதியாக இருப்பது இன்னொரு பக்கம், அது தைப்பதற்கு. முழுவதும் நைந்தது மூன்றாவது. அது தரை துடைக்க.

கைலியில் குஷன் உறை

நம் வீடுகளில் கைலிக்குக் குறைவில்லை. நடுப்பகுதி நைந்தாலும் ஓரங்கள் உறுதியாகவே இருக்கும். கட்டம் போட்ட துணிக்கு நம் பகுதியில் ஒரு வரலாறும் உண்டு. இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் அனகாபுத்தூரின் நெசவாளர்கள் ஒரு காலத்தில் 'மெட்ராஸ் கைக்குட்டை' எனப்பட்ட கட்டத் துணியை நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள்.

16 அங்குல குஷனுக்கு 17 அங்குல அகலம், 40 அங்குல நீளத்தில் துணி வெட்டவும். ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று கைலிகளின் துண்டுகளை இணைத்துக்கொள்ளலாம். நீளவாட்டில் இரு முனைகளையும் ஒவ்வோர் அங்குலம் மடித்துத் தைக்கவும். இப்போது 38 அங்குலம் இருக்கும். நல்ல பக்கம் உள்ளே வருமாறு இரு முனைகளையும் 11 அங்குலம் நடுவை நோக்கி மடித்தால், ஒன்றின்மேல் ஒன்று 6 அங்குலம் ஏறி நிற்கும். திறந்திருக்கும் இரு பக்கங்களையும் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்பினால் உறை தயார். ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம். மிஷின் இல்லாதவர்கள் கையாலேயே கெட்டித் தையல் போடலாம்.

வெட்டும் முன் சாயத்தைச் சோதியுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் வெளிர் நிறத் துணியோடு சேர்க்காதீர்கள்.

பின்னல் கால்மிதி

பழைய பனியன், சுடிதார், டெய்லர் கடையில் கிடைக்கும் வெட்டுத் துண்டுகள் ஆகியவற்றை 2 அங்குல நாடாக்களாகக் கிழித்து, தலைமுடி பின்னுவதுபோல் மூன்றாகப் பின்னவும். பின்னலைத் தரையில் வைத்தே வட்டமாகச் சுற்றி, கெட்டி நூலால் பக்கத்துப் பின்னலோடு இணைத்துக்கொண்டே வரவும். மடியில் வைத்துத் தைத்தால் ஓரம் தூக்கிக் கிண்ணம்போல் ஆகிவிடும். டைல்ஸ் தரையில் இது வழுக்கும் என்பதால், வயதானவர்கள் நடக்கும் இடத்தில் அடியில் ரப்பர் விரிப்பு போடுவது அவசியம்.

புர்கா துணியில் கவனம்

புர்கா துணி பெரும்பாலும் பாலியஸ்டர். தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, சூட்டில் உருகும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியை அதில் ஒருபோதும் தைக்கக் கூடாது. உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிடிதுணிக்குப் பருத்தி மட்டும், நான்கு மடிப்பாக. புர்கா துணி தையல் மிஷினுக்கு மூடி, ஜன்னல் திரை, சூட்கேஸ் உறை போன்றவற்றுக்கு நன்றாக உதவும். இஸ்திரி போடும்போது சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் கொடுப்பதற்கென்று எடுத்து வைத்தது சின்னக் கட்டாகத்தான் இருக்கும். அதைத் துவைத்து, விட்டுப்போன பட்டனைத் தைத்து, இஸ்திரி போட்டு, வயது வாரியாகப் பிரித்துக் கொடுப்போம். வாங்குபவர் அதைப் பெருநாள் அன்று உடுத்திக்கொண்டு வெளியே வர முடிய வேண்டும்.