மஞ்சப்பையில் பதியும் நிறம்

பிக்மென்ட் என்னும் நிறமி நீரில் கரையாது, நூலோடும் சேராது. ஒரு மைக்ரானுக்கும் குறைவான அந்தத் துகளைத் துணியின் மேல் பிடித்து வைப்பது ‘பைண்டர்’ என்னும் பசைதான். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தோள்களில் தொங்கும் துணிப்பைகளைப் போன்றவற்றில் எழுத்தும் படமும் பதிக்க ஏற்ற முறை இந்த பிக்மென்ட் அச்சு.

மேசையில் விரித்த காடாத் துணியின் மேல், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையை வைத்து, நிறக் குழம்பை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. திறந்திருக்கும் கண்கள் வழியே மட்டும் நிறம் கீழே இறங்கும். காய்ந்த துணியைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்கள் வைத்தால் பைண்டர் இறுகிவிடும். அதன்பின் அலச வேண்டியதில்லை.

ரியாக்டிவ் சாயத்தில் அச்சிட்டால் கதை வேறு. நீராவியில் வேகவைத்து, ஒட்டாத சாயம் போகும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். சாயக் கழிவுநீர் என்ன செய்யும் என்பதை நொய்யல் ஆறும், பாசனத்துக்குக் கட்டியும் சாயநீர் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும் காட்டிவிட்டன. கழிவுநீரை வெளியேற்றிய திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

தண்ணீர் மிச்சமாகிறது என்பதற்காகவே பிக்மென்ட் அச்சைப் பசுமையானது என்று சொல்லிவிட முடியாது. தீங்கு குழம்பிலேயே இருக்கலாம். குழம்பு கெட்டியாக முன்பு மண்ணெண்ணெயை ஏராளமாகக் கலந்தார்கள். உலர்த்தும்போது அது அத்தனையும் காற்றில் போனது. அதன் இடத்தை இப்போது நீரில் கரையும் செயற்கைக் கெட்டியாக்கிகள் பிடித்துள்ளன. சிலவகை பைண்டர்கள் இறுகும்போது ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். உடலில் படும் துணியில் அது கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ‘ஓகோ-டெக்ஸ் 100’ தரச்சான்று. குழந்தை உடைகளுக்கு வரம்பு இன்னும் கடுமை. வலையையும் வாளியையும் கழுவும் நீரும் வாய்க்காலில் கலக்கக் கூடாது.

தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது, பிளாஸ்டிக் பையை ஒழிக்கத்தான். அந்த மஞ்சப்பையின் மேலேயே பி.வி.சி. கலந்த பிளாஸ்டிசால் மையில் ‘ரப்பர் பிரிண்ட்’ அடித்தால், விரட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப அழைத்துவந்ததாகிவிடும். கல்யாணத்துக்கோ அன்னதானத்துக்கோ பை அச்சிடக் கொடுப்பவர்கள், நீரை அடிப்படையாகக் கொண்ட குழம்பா, மண்ணெண்ணெய் இல்லாததா, ஃபார்மால்டிஹைடு குறைந்த பைண்டரா என்று பட்டறையில் கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள்.