அருட்பணியும் கலைப்பணியும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் செல்வோர், மண்டைதீவுச் சந்திக்கு அப்பாற் காணும் சிற்றூர் அல்லைப்பிட்டி. அங்குள்ள கத்தோலிக்க ஆலயம் புனித பிலிப்பு நேரியார் பெயரால் விளங்குவது. அப்பெயருக்கும் கலைக்குமுள்ள உறவைப் பலர் அறியார். சமயத் தலைவர் ஒருவர் கலையிலும் ஈடுபட்டால், உலகம் அவரிடம் எதிர்பார்ப்பவற்றுள் எதற்கு அவர் இணங்குவது, எதற்கு இணங்காதிருப்பது? இவ்வினாவுக்கு அப்பெயரிலிருந்தே விடை தேடத் தொடங்கலாம்.

நேரியார் 1515ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரிற் பிறந்து, உரோமாபுரியிற் குருவாகப் பணியாற்றியவர். அக்காலத்து வழிபாட்டு மொழி இலத்தீன். அவரோ சாதாரண மக்களைச் செபக்கூடத்திற் கூட்டி, அவர்தம் இத்தாலிய மொழியிலேயே பாடுவித்தார். இசைவல்லார் அனிமூச்சா அப்பாடல்களுக்கு இசையமைத்தார். மக்கள் திரளத் திரள, மேலிடத்தில் ஐயமும் திரண்டது. 1559இல் அவர் பணி சிறிது காலம் தடைசெய்யப்பட்டது. கட்டளைக்குப் பணிந்தார், பாடலைக் கைவிட்டாரல்லர். செபக்கூடத்தைக் குறித்த சொல்லே பின்னர் 'ஒறற்றோரியோ' என்னும் இசைவடிவத்தின் பெயராயிற்று.

அவர் மரபைப் பின்பற்றிக் கோவாவில் எழுந்த ஒறற்றோரியன் சபையே நமக்கு யோசே வாஸ் முனிவரை அளித்தது. அவர் 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தபோது, ஒல்லாந்தர் தம் ஆட்சிப்பகுதியிற் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்திருந்தனர். 1705இல் அவருக்குத் துணையாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், தமிழும் சிங்களமும் கற்று இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். குருமார் மிகச் சிலராயிருந்த வேளையில், ஊரூராகச் செல்லவேண்டியவர் எழுதிக்கொண்டிருப்பதேன் என்று கேட்கத் தோன்றும். குருவானவர் ஓரூரிற் சில நாள் தங்குவார். மக்கள் நாவிற் பதிந்த பாட்டோ தலைமுறை தலைமுறையாகத் தங்கும். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் இரங்கல் ஓசையுடன் ஓதப்பட்டு வருவதே இதற்குச் சான்று.

நம் காலத்தில் இதே வினாவை எதிர்கொண்டவர் நீ. மரியசேவியர் அடிகளார். அவர் 1965இல் திருமறைக் கலாமன்றத்தை நிறுவினார். இத்தகையோரைச் சபையோர் ஒரு பக்கம் இழுப்பர். ஒவ்வொரு காட்சியிலும் போதனை வேண்டுவர். கலைஞர் மறு பக்கம் இழுப்பர். போதனை மிகின் கலை கெடும் என்பர். மன்றம் திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றியது. அத்துடன் நில்லாது, பொது நாடகங்களையும் கூத்தையும் வளர்த்தது. பிற சமயக் கலைஞருக்கும் இடமளித்தது. 1990இற் 'கலைமுகம்' என்னும் இதழையும் தொடங்கியது. அடிகளார் 2021இல் மறைந்தார்.

இம்மூவரிடத்தும் ஒரு நெறி புலனாகின்றது. வாழ்வில் ஒழுக்கம், உரையில் உண்மை ஆகியவற்றைச் சபை எதிர்பார்ப்பது முறையே. அதற்கு இணங்குதல் வேண்டும். ஆயின், கலை அறிவுரைக்கு மேலுறையாக மட்டும் இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்புக்கு இணங்கவேண்டுவதில்லை.

ஏனெனில், அறிவுரை செல்லாத இடங்கள் உள. 2006 ஆகஸ்டில், அல்லைப்பிட்டி மக்கள் தஞ்சம் புகுந்திருந்த அவ்வாலயத்தின்மீதே எறிகணைகள் வீழ்ந்தன, பலர் உயிரிழந்தனர். அத்துயரின் முன் எந்தப் போதகரின் நாவும் தளரும். மாண்ட மகனை மடியிற் கிடத்திய தாயின் புலம்பலே ஆண்டுப் பேசவல்லது. அப்புலம்பலை மக்களுக்குப் பாடக் கொடுத்துச் சென்றவர், தம் அருட்பணியினின்று வழுவியவராகார். அதனையே செவ்வனே செய்தவராவர்.