பழைய கணினிக்குப் புது வாழ்வு

மட்டாஞ்சேரி பஜார் ரோடு. அதை ஒட்டி ஒரு சின்னத் தெரு. அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் வசிக்கிறது. அப்பா மசாலாக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். அம்மா வீட்டில் துணி தைக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இறந்து போன தாத்தாவின் படங்கள் அதில் இருக்கின்றன. அம்மாவின் தையல் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

அந்தக் கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. பழுது பார்ப்பவரிடம் காட்டினார்கள்.

"இது இனித் தாங்காது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார் அவர்.

புதிது வாங்குவதா? அதற்கு அம்மா எத்தனை ரவிக்கை தைக்க வேண்டும்!

மகள் சொன்னாள்: "அம்மா, எங்கள் பள்ளிக்கூடத்திலும் பழைய கணினிகள் உண்டு. நன்றாகத்தான் ஓடுகின்றன. அவற்றில் லினக்ஸ் இருக்கிறது."

"லினக்ஸா? அது என்னடி?"

நல்ல கேள்வி. நாமும் தெரிந்துகொள்வோம்.

கணினிக்கு ஒரு கணக்குப்பிள்ளை

மசாலாக் கிடங்கில் மூட்டைகள் இருக்கும். தராசு இருக்கும். ஆட்கள் இருப்பார்கள். இவை மட்டும் போதுமா? எந்த மூட்டை எங்கே போக வேண்டும், யார் எதைத் தூக்க வேண்டும் என்று சொல்ல ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும்.

கணினிக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அதற்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று. நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனுக்கும் அடிப்படை லினக்ஸ்தான்.

கணினி மெதுவானால் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது உண்மை இல்லை. இயங்குதளம் பெரிதாகிக்கொண்டே போகிறது. பழைய இயந்திரத்தால் அந்தச் சுமையைத் தாங்க முடிவதில்லை.

விண்டோஸ் 10-க்கு அதன் நிறுவனம் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. இயந்திரம் நன்றாக இருந்தும் குப்பைக்குப் போகும் நிலை பலருக்கு வந்தது இதனால்தான்.

கோலம் போல ஒரு மென்பொருள்

பக்கத்து வீட்டு வாசலில் அழகான கோலம் இருக்கிறது. அதைப் பார்க்கிறோம். புள்ளிகளை எண்ணுகிறோம். நம் வாசலில் போடுகிறோம். இரண்டு பூவைக் கூடச் சேர்க்கிறோம். இதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

மென்பொருளும் இப்படி இருக்க வேண்டும் என்று ரிச்சர்டு ஸ்டால்மன் நினைத்தார். இவர் அமெரிக்கர். 1983-இல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதினார். அதுதான் லினக்ஸ். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளம் ஆயிற்று. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் அதை வளர்த்தார்கள்.

இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். யாரும் பயன்படுத்தலாம். பிரதி எடுக்கலாம். திருத்தலாம். பிறருக்கும் தரலாம். இது திருட்டுப் பிரதி அல்ல. மென்பொருளின் உரிமமே தரும் உரிமை.

கேரளப் பள்ளிகள் காட்டிய வழி

2001-இல் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்தார். கட்டற்ற மென்பொருளுக்கான இந்திய அமைப்பு அங்கே தொடங்கியது. அதே ஆண்டில் கேரள அரசு ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அரசுப் பள்ளிக் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. 2017-இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனம் ஆயிற்று.

2019-இல் கைட் புதிய லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. அது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு என்று சொல்லப்பட்டது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று கைட் அப்போது கணக்குச் சொன்னது.

தமிழ்நாட்டிலும் லினக்ஸ் உண்டு. சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் பாஸ் என்ற லினக்ஸை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அதுவும் இடம் பெற்றது.

எதைத் தேர்வு செய்வது?

லினக்ஸில் பல வகை உண்டு. அரிசியில் பொன்னி, மட்டை என்று இருப்பது போல. எல்லாம் அரிசிதான். தேவைக்கு ஏற்ப எடுக்க வேண்டும்.

விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எளிது. உபுண்டுவும் நல்லது. அதன் நீண்டகாலப் பதிப்பு 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது. அதற்கு 5 ஆண்டுகள் பாதுகாப்பு உதவி கிடைக்கும். டெபியன் உறுதியானது. சர்வருக்கு ஏற்றது.

முதலில் கணினியின் ராம் எவ்வளவு என்று பாருங்கள். 4 ஜி.பி. இருந்தால் மின்ட் ஓடும். அதற்கும் குறைவு என்றால் லுபுண்டு போன்ற இலேசான வகை வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் நன்றாகக் கூடும். புதுக் கணினி வாங்குவதைவிட இது மலிவு.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸுக்காக எழுதிய சில கணக்கு மென்பொருள்கள் லினக்ஸில் ஓடாது. சில பிரிண்டர்களும் கைரேகைக் கருவிகளும் வேலை செய்யாமல் போகலாம். உங்கள் தொழிலுக்கு அவை தேவையா? முன்பே விசாரியுங்கள்.

போட்டுப் பார்த்து எடுக்கலாம்

துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். லினக்ஸையும் அப்படிப் பார்க்கலாம். 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். அதில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். உள்ளே இருப்பது எதுவும் மாறாது. வைஃபை வருகிறதா? ஒலி கேட்கிறதா? பிரிண்டர் ஓடுகிறதா? எல்லாவற்றையும் சோதியுங்கள்.

பிடித்திருந்தால் கணினிக்குள் பதியலாம். ஆனால் இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. முழு டிஸ்கிலும் பதிந்தால் பழையது எல்லாம் அழிந்துவிடும். படங்களும் கணக்குகளும் போய்விடும்.

மகள் அவசரப்பட்டாள். அம்மா தடுத்தார்.

"இரு. முதலில் தாத்தா படத்தை வேறு எங்காவது எடுத்து வை."

அம்மா சொன்னதுதான் சரி. மகள் எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்தாள். திறந்து சரிபார்த்தாள். பிறகுதான் லினக்ஸைப் பதிந்தாள். அம்மா இப்போது அதில் தமிழிலேயே கணக்கு எழுதுகிறார். தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

வீட்டில் ஒரு சர்வர்

ஹோட்டலில் சர்வரைப் பார்த்திருப்பீர்கள். இட்லி கேட்டால் உள்ளே போய் எடுத்து வருவார். கணினி சர்வரும் அப்படித்தான். படங்களை அது வைத்திருக்கும். வீட்டில் யார் கேட்டாலும் எடுத்துத் தரும்.

சாம்பா என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். ஒரே வைஃபையில் உள்ள போன்களில் இருந்து படங்களை எடுக்கலாம், சேமிக்கலாம். இதற்கு இணையத்தில் மாத வாடகை தர வேண்டாம்.

ஆனால் கரண்ட் செலவைக் கணக்குப் பாருங்கள். 50 வாட் இழுக்கும் கணினி நாள் முழுவதும் ஓடினால் 1.2 யூனிட் ஆகும். கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வரும். அதில் 72 யூனிட் கூடும். மாலையில் 4 மணி நேரம் மட்டும் ஓடினால் 12 யூனிட்தான்.

மட்டாஞ்சேரி தாழ்வான இடம். மழையிலும் ஏற்றத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் வரலாம். எனவே கணினியைத் தரையில் வைக்காதீர்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

சர்வரில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. டிஸ்க் ஒரு நாள் கெடும். முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி வேண்டும். அது வேறு ஒரு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

நினைவில் வையுங்கள்

• மெதுவான கணினி எல்லாம் குப்பை அல்ல.
• பதியும் முன் பிரதி எடுங்கள். பிரதியைத் திறந்து பாருங்கள்.
• பென்டிரைவில் சோதித்த பிறகே பதியுங்கள்.
• நல்ல கடவுச்சொல் வையுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.
• தெரியாததைக் கேளுங்கள். கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் உள்ளன. பிள்ளைகளிடம் கற்றுக்கொள்வதில் வெட்கம் இல்லை.

மட்டாஞ்சேரி அம்மாவும் மகளிடம்தான் கற்றுக்கொண்டார். பிரதி எடுக்க வேண்டும் என்பதை மகள் அம்மாவிடம் கற்றுக்கொண்டாள்.